சோளக்காட்டில் கட்டிய ரீல்

குமாரசாமிக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகி நாலு மாதமாகியிருந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்துக்குழியில் ஒரு ஓட்டை, அதை மறைத்துத் தொங்கும் ஒரு சின்ன வெள்ளைத் துணி. எங்கள் ஊரில் அவர் சத்தத்துக்குத் தனிப் பேர் இருந்தது. மேட்டுத் தோட்டத்தில் நின்றபடியே சரவணம்பட்டி பஸ்ஸைக் கூப்பிட்டு நிறுத்தினார் என்று பேசிக்கொள்வார்கள். எங்கள் ஆட்கள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள், ஆனால் அன்றைக்கு அந்த பஸ்ஸுக்குள் நானும் உட்கார்ந்திருந்தேன். பஸ் நின்றது.

அப்பேர்ப்பட்ட மனிதர் இப்போது பெண்டாட்டி மயிலாத்தாளைக் கூப்பிட இரண்டு முறை கை தட்டினார். மற்ற பேச்சுக்கெல்லாம் ஒரு சிலேட்டு வைத்திருந்தார், மகன் கதிர்வேல் ஒன்றாவது படிக்கும்போது வாங்கியது. அவர் எழுதுவார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மருந்து, கூழ், மாட்டுக்குத் தண்ணி என்று எழுதினால் யாராவது படித்துச் சொல்லிவிடலாம். பக்கத்துத் தோட்டத்து மாரப்பன் வந்து படிப்பான், சமயத்தில் நானும் படித்திருக்கிறேன். ஆனால் இருபத்தேழு வருசம் ஒன்றாக இருந்த புருசன் பெண்டாட்டிக்கு மருந்தும் கூழும் மட்டுமா பேச்சு? மீதியை யாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வது?

அதனால்தான் அந்த வீட்டில் கேசட்டுகளுக்கு அத்தனை மதிப்பு வந்தது.

குமாரசாமி வயசுக்காலத்தில் போர் போடும் ரிக் வண்டியில் டிரில்லராக இருந்தவர். ஒன்பது வருசம் மத்தியப் பிரதேசத்துக் காட்டில் கல்லைத் துளைத்துக்கொண்டு கிடந்தார். பொங்கலுக்கு ஒரு தரம், மாரியம்மன் நோம்பிக்கு ஒரு தரம் வீட்டுக்கு வருவார். காகிதம் போட்டால் வீட்டில் மாமியார்தான் யாரையாவது பிடித்துப் படிக்கச் சொல்லிக் கேட்பாள். அதனால் அவர் வண்டியிலிருந்த டேப்பில் பேசிப் பதிந்து, ஊருக்குத் திரும்புகிற லாரிக்காரர்களிடம் கேசட்டைக் கொடுத்துவிடுவார். ஏ பக்கம் வீட்டுக்கு. எருது எப்படி இருக்கிறது, கிணற்றில் தண்ணீர் எத்தனை முழம் என்று அதில் கேட்பார். அதை நடு வீட்டில் வைத்து எல்லாரும் கேட்டார்கள். பி பக்கம் மயிலாத்தாளுக்கு. அதை அவள் மாட்டுச் சாளையில் சோளத்தட்டுப் போருக்குப் பின்னால் உட்கார்ந்து, சத்தத்தைக் குறைத்துவைத்து ஒண்டியாகக் கேட்டாள்.

பி பக்கத்தில் அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். வீட்டில் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அம்மாவும் அக்காமாரும் இருக்கிற வீட்டில் பெண்டாட்டி பேரைச் சொல்கிற வழக்கம் அந்தக் காலத்தில் இல்லை. "இந்தா" என்பார், "ஏய்" என்பார். மாமியார் செத்த பிறகும் வாய் பழகவில்லை. அவர் வாயிலிருந்து அவள் பேர் வந்தது அந்தக் கேசட்டுகளில் மட்டும்தான்.

கதிர்வேல் காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். அங்கேயே கடை வைத்திருந்த அப்துல் வஹீதிடம் ஒவ்வொரு சாமானாக வாங்கிச் சேர்த்து வீட்டில் ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டி நிறுத்தியிருந்தான். சித்திரை பிறந்ததிலிருந்து சாயங்காலம் வீடு வந்ததும் டேப்புக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு ஒயரைப் போட்டு, ஒரு நாளைக்கு ஒரு கேசட்டாக உள்ளே ஏற்றினான். முப்பத்திரண்டு கேசட். கடைசிக் கேசட் ஒன்றுதான் மயிலாத்தாள் பேசியது. அவள் பதிந்து முடித்து அனுப்புவதற்குள் அவரே வேலையை விட்டு ஊருக்கு வந்துவிட்டதால் அது அப்படியே கிடந்தது.

முதல் கேசட்டை ஏற்றிய அன்றைக்கு நான் அங்கே இருந்தேன்.

"ஏம்மா, இதுக்கு என்ன பேரு போடறது?" என்றான் கதிர்வேல்.

"பேரா? அதுல பேசறது ஆரு, அவியதான? அவிய பேரையே போடு."

"அவியன்னா ஆரும்மா? வாய்ல சொன்னாத்தான அடிக்க முடியும்?"

"போடா கிறுக்கா. உன்ற இனிசியலுக்கு என்ன போடறயோ அதையே போடு."

கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த குமாரசாமிக்குத் தோள் குலுங்கியது. சிரிக்கிறார். கழுத்துத் துணி மட்டும் மேலும் கீழும் ஆடியது.

"முப்பத்திரண்டுக்கும் அதே பேரப் போட்டா எதுல என்ன இருக்குதுன்னு எப்படிம்மா கண்டுபுடிக்கறது?"

"அதுக்கென்ன கஷ்டம். இந்தா, மஞ்சக் கவுறு கட்டுனது உன்ற அக்கா கோமளாளுக்குக் காது குத்துன வருசம். கரிக்கோடு இழுத்தது கெணறு வத்துனப்ப. நூல்ல ரெண்டு முடிச்சு இருக்குது பாரு, அது..." நிறுத்திக்கொண்டாள். "அது உனக்கு எதுக்கு?"

"கவுத்தையும் கரியையும் நான் எப்படிம்மா கம்ப்யூட்டர்ல அடிக்கறது? இப்பத்திக்கு ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டுக்கறேன். ஒட்டுக்கா முடிஞ்ச பொறவு நீ சொல்லச் சொல்லப் பேரு வெச்சுப்போடலாம்."

அப்படியே செய்தான். கேசட்டுக்கு ஒன்றாக முப்பத்திரண்டு போல்டர். ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டே பைல், ஒன்றுக்கு ஏ என்று பேர், இன்னொன்றுக்கு பி என்று பேர். முப்பத்திரண்டு ஏ, முப்பத்திரண்டு பி. தனித்தனி வீட்டில் இருக்கும் வரைக்கும் அதில் ஒரு தப்பும் இல்லை.

ஆனி பிறந்தது. பாலக்காட்டுக் கணவாயில் காற்று கிளம்பிவிட்டது. மேட்டுத் தோட்டத்தில் ஒன்றரை ஏக்கர் சோளம் பால் பிடித்து நின்றது. பால் பிடித்தால் கிளியும் மைனாவும் சிட்டும் எங்கிருந்துதான் வருமோ, ஒரு தரம் இறங்கி எழுந்தால் கதிர் வெறும் சக்கையாக நிற்கும். போன வருசம் வரைக்கும் குமாரசாமி பரண் மேல் நின்று ஒரு கத்துக் கத்தினால் நாலு தோட்டத்துக் குருவி சேர்ந்து எழும். இந்த வருசம் தகரத்தைத் தட்டினார். காற்றில் புழுதி வந்து கழுத்து ஓட்டையில் ஏறியது. இருமி இருமிக் கண் சிவந்து, தகரத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். அட்டைப் பெட்டியோடு கேசட்டுகளைத் தூக்கி மயிலாத்தாள் முன்னால் வைத்தார். தோட்டத்துப் பக்கம் கையைக் காட்டி, விரலால் காற்றில் ஒரு நீளக் கோடு இழுத்தார்.

எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்கிறதுதான். காட்டுக்குக் குறுக்கே குச்சி நட்டுப் பழைய கேசட் ரீலை இழுத்துக் கட்டிவிட்டால், காற்றுக்கு அது 'உம்ம்ம்' என்று ஒரு சத்தம் போடும். வெயிலுக்குப் பளபளக்கும். குருவி கிட்டே வராது.

மயிலாத்தாள் பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டாள். "இதையா? இதப் போயிங்களா?"

"அப்பா சொல்றது செரிதாம்மா," என்றான் கதிர்வேல். "ரீலெல்லாம் பூசணம் புடிச்சுப்போச்சு. இன்னொருக்கா போட்டா டேப்பே முழுங்கிப்போடும். அதான் முச்சூடும் உள்ள ஏத்தியாச்சல்ல?"

"நெசமாலுமே உள்ள இருக்குதா கண்ணு?"

"கேக்கறயா?" என்று எதையோ அமுக்கினான். பதினாலாம் நம்பர், பி பக்கம். காற்றிரைச்சல் ஒன்று கேட்டது, பிறகு அந்தக் குரல். "மயிலு. நாந்தான். வண்டிக்கு அடியில படுத்துட்டுப் பேசறேன். இங்க வெயிலுன்னா வெயிலு அப்படி. உன்ற கையால ஒரு சொம்பு மோரு..."

"நிறுத்து, நிறுத்து," என்று மயிலாத்தாள் முந்தானையால் மூஞ்சியை மூடிக்கொண்டாள். மகன் முன்னால் கேட்கிற பேச்சா அது? குமாரசாமி தலையை அண்ணாந்து கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தார். "செரி, கொண்டுபோங்க," என்றாள் அவள். முகமெல்லாம் சிரிப்பு. அவளை அப்படிச் சந்தோசமாக அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

குமாரசாமியும் மாரப்பனும் இரண்டு நாள் சேர்ந்து கேசட்டுகளை உடைத்து ரீலை எடுத்து, தெற்கு வரப்பிலிருந்து வடக்கு வரப்பு வரைக்கும் கட்டினார்கள். கூடுகள் குப்பைக்குழிக்குப் போயின. மூன்றாம் நாள் குருவி இறங்கவில்லை. "மாமன் போட்ட சத்தத்த விட இது சாஸ்தி போடுதுங்கக்கா," என்று மாரப்பன் வந்து கேலியாகச் சொன்னான். மயிலாத்தாளும் சிரித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கதிர்வேலுக்கு லீவு. ஏதோ கம்ப்யூட்டர் புத்தகத்தோடு ஓசியாக வந்த சிடியில் ஒரு புரோகிராம் இருந்தது. தாறுமாறாகக் கிடக்கிற பாட்டு, பேச்சு எல்லாவற்றையும் அதுவாகவே தேடி, ஒரே இடத்தில் சேர்த்து, வரிசையாகப் பேர் வைத்துத் தருமாம். சினிமாப் பாட்டுக்கு ஓட்டிப் பார்த்தான். நானூறு பாட்டும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி வரிசைக்கு வந்துவிட்டது. அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பேர் வைக்கிற வேலை மிச்சம் என்று நினைத்தான். சோம்பேறித்தனம் என்று நான் சொல்லமாட்டேன். வாரம் ஆறு நாள் பஸ்ஸில் தொங்கிப் போய்வந்து, மீதி ஒரு நாளும் தண்ணீர் கட்டுகிற பிள்ளை அவன்.

பேர் கேட்ட இடத்தில் 'அப்பா' என்று அடித்து, முப்பத்திரண்டு கேசட் போல்டர்களையும் காட்டி ஓட்டிவிட்டான். அது ஒரு கேள்வி கேட்டது. இந்தப் பேரில் ஏற்கெனவே ஒரு பைல் இருக்கிறது, அதற்குப் பதில் இதை வைக்கவா? ஆமாம் என்று அமுக்கினான். மறுபடியும் கேட்டது. மறுபடியும் ஆமாம். மூன்றாவது தரம் அதைச் சரியாகப் படிக்கப் போகிற நேரத்தில் வெளியிலிருந்து அம்மாவின் சத்தம் வந்தது.

"கதிரு, மூணு பேஸ் கரண்டு வந்திருச்சு கண்ணு! ஓடிப்போய் மோட்டாரப் போடு! அப்பனால வாய்க்கா வெட்ட முடியாது!"

தோட்டத்துக்கு மூன்று பேஸ் கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று எவனுக்கும் தெரியாது. வந்தால் சோற்றுத் தட்டில் கை இருந்தாலும் எழுந்து ஓட வேண்டியதுதான். 'எல்லாவற்றுக்கும் ஆமாம்' என்று ஒரு பட்டன் இருந்தது. அதை அமுக்கிவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

இரண்டரை மணி நேரம் தண்ணீர் கட்டினான். ஒவ்வொரு பாத்தியாக மடையைத் திருப்பி, கால் ஊறிப்போய், தலைக்கு மேலே ரீல் சத்தம் கேட்டுக்கொண்டே நின்றான். வந்து கம்மஞ்சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். வேலை முடிந்துவிட்டது என்று அது அழகாக எழுதி வைத்திருந்தது. அப்பா என்று ஒரு புது போல்டர். அதற்குள் இரண்டு பைல். அப்பா ஒன்று, அப்பா இரண்டு.

அவ்வளவுதான். அந்தப் பாழாய்ப்போன புரோகிராம் முதலில் எல்லாவற்றையும் கொண்டுவந்து ஒரே இடத்தில் கொட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் பேர் வைத்திருக்கிறது. ஒரே பேரில் வந்தவை ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டே வந்து, கடைசிக் கேசட்டின் ஏ-யும் பி-யும் மட்டும் மிஞ்சின. நல்ல பேர் வைத்து, வரிசை நம்பரும் போட்டு வைத்திருந்தது.

மயிலாத்தாள் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். குமாரசாமி தோட்டத்தில் இருந்தார். "கண்ணு, அந்த ரெண்டு முடிச்சுப் போட்டது இருக்குதல்ல, அதக் கொஞ்சம் போட்டுட்டு நீ செத்த வெளிய போறயா?"

"இரும்மா."

"வேலையா இருந்தாப் பொறவு கேட்டுக்கறேன்."

"இரும்மா, இரும்மா," என்றபடி அந்தப் புது போல்டரையே மூடி மூடித் திறந்தான்.

மறுநாள் கம்ப்யூட்டர் பெட்டியை அம்மாவின் பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு காந்திபுரம் பஸ் ஏறினான். அப்துல் வஹீது கடையைத் திறந்த வேகத்தில் பெட்டியை ஒயரில் மாட்டி உட்கார்ந்தவர், மத்தியானம் உக்கடத்தில் வீட்டுக்குச் சாப்பிடப் போகாமல் பார்த்தார். நல்ல மனிதர். முடியாது என்று சொல்ல அவருக்கு நாலு மணி நேரம் ஆனது.

"கதிரு, அழிஞ்சதோட நின்னுருந்தா கொஞ்சமாச்சும் தோண்டி எடுத்திருக்கலாமுங்க. கடைசியில டிஸ்க்க நெருக்கி அடுக்கவான்னு கேட்டுச்சா?"

"ஆரம்பத்துலயே டிக் போட்டிருந்தேன் பாய்."

"அதான். எடம் காலியாயிருச்சுன்னு அதும்மேலயே அந்த நானூறு பாட்டையும் கொண்டாந்து அடுக்கிப்போட்டுது. எங்க கைய வெச்சாலும் பாட்டுதான் வருது."

"வேற யாராச்சும், மெட்ராஸ்ல..."

"நான் பொய் சொல்லமாட்டன் தம்பி. ஒரிஜினல் கேசட்டு இருக்குமல்ல? இன்னொருக்கா ஏத்திக்கலாம், உடுங்க."

கதிர்வேல் பெட்டியைச் சேலையில் சுற்ற ஆரம்பித்தான். வஹீது அவன் முகத்தைப் பார்த்துவிட்டு டீ சொன்னார். அதை அவன் குடிக்காமல் ஆறவிட்டான்.

வீட்டுக்கு வந்து சொன்னான். எப்படிச் சொன்னான் என்று எனக்குத் தெரியாது. நான் போனபோது மயிலாத்தாள் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், அவன் அவள் காலுக்குப் பக்கத்தில் இருந்தான். திட்டியிருந்தால் தேவலை. ஒரு வார்த்தை திட்டவில்லை.

"அப்ப காட்டுல கட்டுனது?" என்றாள் கடைசியில். "அதுலதான கண்ணு அவிய பேசுனது இருக்குது? அது அங்கயேதான இருக்குது?"

எல்லாருமாகப் போனோம். ஒரு வாரத்து வெயில், நடுவில் இரண்டு நாள் சாரல், ராப்பகலாகக் காற்று. ரீல் கயிறாக முறுக்கிக்கொண்டு நின்றது. அறுந்த இடத்திலெல்லாம் மாரப்பன் முடிச்சுப் போட்டிருந்தான். எது எந்தக் கேசட், எது ஏ, எது பி, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். ஒரே ஒரு வரிசையை மட்டும் அவிழ்த்து, முறுக்கெடுத்து, குப்பைக்குழியில் பொறுக்கி ஒட்டிய கூட்டில் சுற்றிக்கொண்டுவந்தான் கதிர்வேல். டேப்பில் போட்டதும் தண்ணீருக்குள் யாரோ முனகுகிற மாதிரி ஒரு சத்தம். என் காதுக்கு அது பேச்சாகவே படவில்லை.

"அவியதான்," என்றாள் மயிலாத்தாள். "அவிய கொரலுதான். எனக்குத் தெரியாதா?"

கர்ரென்று டேப் அதை விழுங்கிவிட்டது. கதிர்வேல் ஊசியால் நோண்டி நோண்டி எடுத்தான். நூல் நூலாக வந்தது.

அந்த நேரத்தில் தோட்டத்திலிருந்து கைதட்டல். ஒன்று, இரண்டு என்று இல்லை, நிற்காமல் தட்டுகிற சத்தம். ஓடிப் பார்த்தோம். ரீல் அவிழ்த்த பக்கமாக ஒரு கிளிக்கூட்டம் இறங்கியிருந்தது. குமாரசாமி கதிர்களுக்கு நடுவே கையைத் தட்டிக்கொண்டு அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தார். வாயைப் பெரிதாகத் திறந்து கத்தினார். வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை, கழுத்துத் துணி மட்டும் முன்னால் எழும்பி விழுந்தது.

"மீதிய அவுக்க வேண்டாம்," என்றாள் மயிலாத்தாள். "மாரப்பா, ஊட்ல பழைய கேசட்டு இருந்தாக் கொண்டாந்து அந்த வரிசையில கட்டிப்போடு. சோளமாச்சும் ஊடு வந்து சேரட்டும்."

பொழுது சாய்கிற நேரத்தில் கட்டிலில் உட்கார்ந்து, மிச்சம் இருப்பதைப் போடச் சொன்னாள். அப்பா ஒன்று. பதினைந்து பதினாறு வருசத்துக்கு முந்தைய அவள் குரல், மெலிசாக, அவசரமாக. "ஏனுங்க, கேக்குதுங்களா? இங்க எல்லாரும் நல்லா இருக்கறமுங்க. செவலை மாடு ஈனியிருச்சுங்க. நேரத்துக்குச் சாப்பிடுங்க. நீங்க எப்ப வருவீங்கன்னு கேக்கறவியளுக்கு என்னத்தச் சொல்றதுன்னு எனக்குத் தெரியறதில்லீங்க. ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்க."

குமாரசாமி அதை இதுவரை கேட்டதே இல்லை. அந்தக் கேசட்டை ஏற்றிய அன்றைக்கு அவர் ஆஸ்பத்திரியில் துணி மாற்றப் போயிருந்தார். தலையைக் குனிந்தபடி முழுவதும் கேட்டார். அது முடிந்து அப்பா இரண்டு ஓடியது. அந்தப் பக்கத்தில் அவள் ஒன்றும் பதியவே இல்லை. வெறும் உஸ்ஸென்ற இரைச்சல். நிறுத்தப்போன மகன் கையை மயிலாத்தாள் பிடித்துக்கொண்டாள். அரை மணி நேரமும் அந்த இரைச்சலைக் கேட்டாள்.

அதற்குள் குமாரசாமி சிலேட்டை எடுத்து எழுத ஆரம்பித்திருந்தார். ஒரு பக்கம் நிறைந்து, திருப்பி மறுபக்கமும் எழுதினார். எழுதி முடித்து அவள் மடியில் வைத்தார். அவள் இரண்டு கையாலும் சிலேட்டைப் பிடித்து, ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிக்கொண்டு பார்த்தாள்.

"என்னுங்க எழுதியிருக்கறீங்க?"

கதிர்வேல் கையை நீட்டினான். "குடும்மா, நான் படிச்சுச் சொல்றேன்."

குமாரசாமி வெடுக்கென்று சிலேட்டை வாங்கித் தோள்துண்டால் துடைத்துவிட்டார். துடைத்த சிலேட்டைக் கட்டில் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போனார்.

மயிலாத்தாள் எழுந்து பின்கட்டு வழியாகத் தோட்டத்துப் பக்கம் நடந்தாள். நானும் வீட்டுக்குக் கிளம்பினேன், அந்த வழிதான் எனக்கும். காற்று பலமாக இருந்தது. ஒன்றரை ஏக்கருக்கும் குறுக்கே ரீல் 'உம்ம்ம்' என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது, ஏ பக்கமும் பி பக்கமும் ஒன்றாக. அவள் தெற்கு வரப்பில் நின்று, கையெட்டுகிற ஒரு ரீலை விரலால் தொட்டாள். தொட்டதும் அந்த வரிசையில் மட்டும் சத்தம் நின்றது. சட்டென்று விரலை எடுத்துக்கொண்டாள்.

பரண் பக்கமிருந்து கைதட்டல் கேட்டது. இரண்டு தட்டு. கடைசியாக மேய்ந்துகொண்டிருந்த நாலு மைனா எழுந்து பறந்தது.

"வாரனுங்க," என்றாள் மயிலாத்தாள். சொல்லிவிட்டும் போகவில்லை. ரீல் கட்டிய பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு, மறுபடியும் அவர் இரண்டு முறை தட்டுகிற வரைக்கும் நின்றாள்.